டிபன் டப்பாவுக்குக் குச்சி உணவு: எதைக் கோர்த்தால் மதியம் வரை தாங்கும்?

காலை 7 மணிக்கு மூடும் டப்பாவைப் பிள்ளை திறப்பது பகல் 12:30-க்கு. இடையில் ஐந்தரை மணி நேரம். அதில் கொஞ்ச நேரம் ஆட்டோவிலோ வேனிலோ குலுங்கும், மீதி நேரம் வகுப்பறையில் பைக்குள் புழுங்கும். குச்சியில் கோர்த்த உணவின் அழகான படங்களைப் பார்த்து அதே மாதிரி கட்டிக் கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். படம் கோர்த்த கையோடு எடுத்தது. டப்பா திறக்கிற நேரத்தில் வெள்ளரி தண்ணீர் விட்டிருக்கும், பனீர் ரப்பராகியிருக்கும், இட்லி இரண்டாகப் பிளந்து குச்சி தனியே கிடக்கும்.

அதற்காக இந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை. இடைவேளை குறைவாக, கை கழுவும் குழாயடியில் வரிசை நீளமாக இருக்கும் பள்ளியில், விரல் படாமல் சாப்பிடக் குச்சி பெரிய உதவி. ஸ்பூன் தொலைந்தது என்ற கவலையும் இல்லை. சாதத்தில் பாதியைத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகூட நாலு பணியாரத்தை எண்ணிச் சாப்பிட்டுவிடும். எதைக் கோர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தேர்வு செய்ய இரண்டு கேள்விகள் போதும். அத்தனை நேரம் கெடாமல் இருக்குமா? குலுங்கினாலும் குச்சியில் நிற்குமா? இரண்டுக்கும் பொதுவான எதிரி தண்ணீர். நீர் விடும் பண்டம் தானும் வழுக்கி விழும், பக்கத்தில் இருப்பதையும் நனைத்துக் கெடுக்கும்.

கெடுவதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி கடுமையானது: சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியசுக்கு மேல், குளிராக வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழ். இதை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் நம் ஊரில் கட்டிக் கொடுக்கும் மதிய உணவு எதுவுமே தேறாது. ஆனால் எங்கே கொஞ்சம் இளக்கம் உண்டு, எங்கே இல்லவே இல்லை என்று பிரித்துப் பார்க்க அது உதவும். புளித்த மாவில் செய்து, எண்ணெயும் பொடியும் பூசிய பண்டம் ஒரு பக்கம். பால், முட்டை, கறி, தேங்காய், வெட்டிய தர்பூசணி மறுபக்கம். மறுபக்கத்துப் பண்டங்களை ஐஸ் இல்லாமல் டப்பாவில் வைக்க வேண்டாம்.

முதலில் குச்சி

பண்டத்தை முடிவு செய்யும் முன் டப்பாவின் உள்ளளவை எடுங்கள். வெளி அளவு உதவாது. 12 செ.மீ. விட்டமுள்ள வட்ட எவர்சில்வர் டப்பாவில் 10 செ.மீ. குச்சிதான் தாராளமாகப் படுக்கும். 17 செ.மீ. நீளமுள்ள செவ்வக டப்பாவில் 15 செ.மீ. குச்சி நேராகப் போகும். கடைகளில் மூங்கில் குச்சி 15, 20, 25, 30 செ.மீ. அளவுகளில் கிடைக்கிறது, 20 செ.மீ. வாங்கிப் பாதியாக வெட்டிக்கொள்வது சிக்கனம். வெட்டிய முனையில் சிம்பு நிற்கும். அதை உப்புத்தாளில் தேய்த்த பிறகே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் உதட்டில் குத்தும்.

பல்குச்சி சுமார் 6.5 செ.மீ. ஒரு சாண்ட்விச் துண்டுக்கோ இரண்டு பழத்துண்டுக்கோ சரி. இட்லிக்கும் பணியாரத்துக்கும் அது மெல்லியது. கனம் தாங்காமல் ஒடியும். ஒடிந்த துண்டு உணவுக்குள் தங்கிவிடுவது ஆபத்து. அதனால் சின்னப் பிள்ளைகளின் டப்பாவில் பல்குச்சி வேண்டவே வேண்டாம்.

ஐந்து, ஆறு வயது வரை கூர்முனை எதுவுமே கூடாது. இந்த வயதில் வாயில் குச்சியோடு ஓடுவார்கள். அவர்களுக்கு ஐஸ்கிரீமில் வருவது போன்ற தட்டையான மரக் குச்சி நல்லது. அதற்கு இன்னொரு பலனும் உண்டு: வட்டக் குச்சியில் கோர்த்த துண்டு சுழன்று சுழன்று துளை பெரிதாகி விழும், தட்டைக் குச்சியில் சுழலாது. கட்லெட் போன்ற மெத்தென்ற பண்டத்தை வட்டக் குச்சியில் கோர்த்தே ஆக வேண்டுமென்றால், ஒரு விரல் இடைவெளியில் இரண்டு குச்சிகளைச் சேர்த்துக் குத்துங்கள்.

வீட்டில் தென்னை இருந்தால் பச்சை ஓலையின் ஈர்க்கு அருமையான குச்சி. தையல் இலை தைக்க நம் ஊரில் பயன்பட்டது அதுதான். இந்தோனேசியாவில் சதே என்ற சுட்ட கறித் துண்டுகளைக் கோர்க்கவும் ஈர்க்கைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்பக்கத் தடித்த பகுதியை மட்டும் எடுத்து, சீவிக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். பழத்துக்கும் கொழுக்கட்டைக்கும் தாங்கும். விளக்குமாற்றுக்கென்று விற்கும் காய்ந்த ஈர்க்கை இதற்கு எடுக்கக் கூடாது.

ஸ்டீல் கம்பி அடுப்பில் சுடுவதற்குத்தான், டப்பாவுக்கு அல்ல. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கில் முள்கரண்டி, மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் தடித்த குட்டிக் குச்சிகள் வேறு வகை. வாங்குவதானால் முனை மழுங்கியதா என்று விரலில் அழுத்திப் பாருங்கள்.

கோர்க்கும் வரிசையும் முக்கியம். இரண்டு ஓரத்திலும் கெட்டியான துண்டு வர வேண்டும்: குடைமிளகாய், அரைவேக்காட்டுக் கேரட், கொய்யா. மென்மையானது நடுவில். கடைசித் துண்டுக்குள்ளேயே குச்சியின் முனை புதைந்து நிற்கட்டும், வெளியே நீட்டக் கூடாது. பிடிக்க மறுமுனையில் 2 செ.மீ. விடுங்கள். கோர்த்து முடித்ததும் முனையைச் சற்று வெளியே தள்ளி நகவெட்டியால் நறுக்கி, மறுபடி உள்ளே இழுத்துவிட்டால், கடைசித் துண்டைச் சாப்பிட்ட பிறகும் கூர் மிஞ்சாது.

மதிய உணவுக்கு முதல் இடம்: குழிப்பணியாரம்

வயிறும் நிறைய வேண்டும், குச்சியிலும் நிற்க வேண்டும் என்றால் பணியாரத்துக்கு இணை இல்லை. சுற்றிலும் மொறுமொறுப்பான தோல், உள்ளே மெத்தென்ற பஞ்சு. தோல் குச்சியை இறுக்கிப் பிடிக்கும். ஆறினாலும் ருசி மாறாது. தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லாதபடி உள்ளேயே எல்லாம் சேர்த்துவிடலாம்.

இரண்டு கப் இட்லி மாவுக்குச் சுமார் 20 பணியாரம் வரும். பொங்கி ஒரு நாள் ஆன மாவு நல்லது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, பொடியாக நறுக்கிய 10 சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், சிறு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்து நன்றாக வதக்கி, ஆறவிட்டு மாவில் கலக்குங்கள். வெங்காயத்தைப் பச்சையாகக் கலந்தால் நீர் விட்டு மாவு இளகும், மதியத்துக்குள் வாடையும் அடிக்கும். வழக்கமாகப் போடும் தேங்காய்ப் பல்லை டப்பாவுக்குச் செய்யும்போது விட்டுவிடுங்கள். முதலில் ஊசிப்போவது அதுதான்.

ஒவ்வொரு குழியிலும் கால் டீஸ்பூன் நல்லெண்ணெய், முக்கால் குழி மாவு, மிதமான தீ. மூடி போட்டு இரண்டு, மூன்று நிமிடம். திருப்பிப் போட்டு மூடாமல் இன்னும் இரண்டு நிமிடம். குழி நிறைய மாவு விட்டால் உருண்டை வராமல் ஓரம் விரிந்து தொப்பி மாதிரி ஆகும், டப்பாவில் அடுக்க முடியாது. தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே பிசுபிசுக்கும். அப்படிப்பட்ட பணியாரத்தில் குச்சி நிற்காது, நழுவி இறங்கும். குச்சியைக் குத்தி எடுத்துப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

எடுத்த உடனே டப்பாவில் போட்டு மூடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மூடியில் ஆவி வேர்த்துச் சொட்டி, மொறுமொறுப்பு போய், மேல் தோல் ஊறிவிடும். கம்பி வலையிலோ சல்லடையைக் கவிழ்த்து அதன் மேலோ பத்து நிமிடம் பரப்பி ஆறவிட்டு, பிறகு கோர்க்க வேண்டும். 10 செ.மீ. குச்சிக்கு இரண்டு, 15 செ.மீ.க்கு மூன்று. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆறு முதல் எட்டு பணியாரம் மதியத்துக்குப் போதும்.

வெல்லப் பணியாரமும் தாங்கும். பாகு சேர்ப்பதால் தீயை இன்னும் குறைக்க வேண்டும், வெல்லம் சீக்கிரம் கருகும்.

பொடி இட்லி

மாவு இருக்கிறது, பணியாரக் கல்லோடு போராட நேரம் இல்லை என்ற நாளில் இது. மினி இட்லித் தட்டில் ஊற்றி 7, 8 நிமிடம் ஆவியில் வைத்தால் ஆயிற்று. ஆனால் குச்சியைப் பொறுத்தவரை பணியாரத்துக்கு அடுத்த இடம்தான், ஏனென்றால் இட்லிக்குத் தோல் இல்லை.

சூட்டோடு குத்தினால் நிச்சயம் பிளக்கும். ஐந்து நிமிடம் தட்டிலேயே விட்டு, ஈரக் கரண்டியால் எடுத்து, இன்னும் பத்து நிமிடம் ஆறவிட்டால் இட்லி இறுகும். 14 மினி இட்லிக்கு ஒன்றரை டீஸ்பூன் நல்லெண்ணெய், இரண்டு டீஸ்பூன் இட்லிப் பொடி. முதலில் எண்ணெயைப் புரட்டி, பிறகு பொடி. எண்ணெய் மேலே படலமாக நிற்பதால் இட்லி வறண்டு போகாது. பொடியும் சமமாக ஒட்டும். காசுகளை அடுக்குவது போல முகத்தோடு முகம் சேர்த்து நான்கைந்து இட்லியை ஒரே குச்சியில் கோர்த்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். விளிம்பு வழியே குத்தினால் உடையும்.

உளுந்து அதிகமான மாவில் இட்லி பஞ்சாக இருக்கும், குச்சியில் நிற்காது. வழக்கமான நான்குக்கு ஒன்று அளவு சரி. மாவு நீர்த்திருந்தால் இரண்டு டீஸ்பூன் ரவை சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

அம்மிணிக் கொழுக்கட்டை

இதைக் குச்சிக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போலத் தோன்றும். கோலிக்குண்டு அளவு உருண்டை, வழவழப்பு, கெட்டி. ஒரு கப் இடியாப்ப மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கப் கொதிக்கும் நீர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து உருட்டி, 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வேகவைத்து, கடுகு, பெருங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் முடிந்தது.

குறை ஒன்று: ஆற ஆற இறுகும். அரிசி மாவின் தன்மை அது. ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாகும். தண்ணீரை ஒன்றரை கப்பாகக் கூட்டி, தாளிக்கும் எண்ணெயை ஒரு டீஸ்பூன் அதிகமாக்கினால் மதியம் வரை மெதுவாக இருக்கும். காலையில் நேரமில்லை என்று முதல் நாள் இரவே வேகவைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். வெந்த அரிசிப் பண்டங்களில் பிழைத்திருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இரவு முழுக்கப் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். காலையில் சூடு செய்தாலும் அந்த நஞ்சு அழியாது. மாவை மட்டும் முந்தின நாள் வறுத்துச் சலித்து வைக்கலாம்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இந்த உருண்டை முழுதாக வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

சாண்ட்விச் துண்டுகள்

அடுப்பே வேண்டாம், பத்து நிமிட வேலை. இதன் பலம் அவ்வளவுதான். வயிறு நிறைவது குறைவு. மதிய உணவாக இல்லாமல் சிற்றுண்டியாக எண்ணுவதே சரி.

மூன்று ரொட்டித் துண்டுகளை அடுக்கி ஓரம் நீக்கினால் ஒன்பது சிறு சதுரம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் குச்சி. ரொட்டி நனைந்து போவதைத் தடுப்பது வெண்ணெய்: ஓரம் வரை இடைவெளி விடாமல் தடவினால் சட்னியின் ஈரம் உள்ளே இறங்காது. சட்னியும் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி புதினா, அரைக் கைப்பிடி மல்லித்தழை, ஒரு பச்சைமிளகாய், ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை, அரை எலுமிச்சைச் சாறு, உப்பு. தண்ணீர் விடாமல் அரைக்கவும். பொட்டுக்கடலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தக்காளி, வெள்ளரி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் சொதசொதப்பு. நன்றாக வறண்ட உருளைக்கிழங்கு மசாலா அதைவிட நல்ல உள்ளடக்கம். அடுக்கிய பிறகு ஒரு தட்டைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் அழுத்தி, பிறகு கத்தியால் வெட்டுங்கள். அழுத்தாமல் வெட்டினால் அடுக்கு நழுவும்.

பழம்: பத்தரை மணி இன்டர்வெலுக்கு

பழக் குச்சியை மதியம் வரை காக்கவைக்காதீர்கள். முதல் இடைவேளைக்குத் தனிச் சிறு டப்பாவில் கொடுப்பதுதான் அதன் இடம்.

கொய்யா இதில் தலை. செங்காய்ப் பதத்தில் இருந்தால் நீர் விடாது, நிறம் பெரிதாக மாறாது, குச்சியை இறுக்கிப் பிடிக்கும். ஆப்பிள் வெட்டியதும் பழுப்பாகும். ஒரு கப் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு கரைத்து ஐந்து நிமிடம் ஊறவைத்து எடுத்தால் பல மணி நேரம் வெளுப்பாகவே இருக்கும், உப்புக் கரிக்காது. எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும், ஆனால் புளிப்பு ஒட்டிக்கொள்ளும். அன்னாசி நன்றாக நிற்கும், ஆனால் சாறு விடும். வெட்டிப் பத்து நிமிடம் வடிதட்டில் போட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். அன்னாசியையும் பனீரையும் ஒரே குச்சியில் கோர்ப்பது படத்துக்கு அழகு, டப்பாவுக்கு ஆகாது. பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலின் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும்.

விதையில்லாத திராட்சையை ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முழுதாகக் கொடுக்கவே கூடாது. நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். வெட்டினால் குச்சியில் நிற்காது. ஆகவே அந்த வயதில் திராட்சையைக் குச்சிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். வாழைப்பழம் கறுத்துக் குழையும். தர்பூசணியும் கிர்ணியும் புளிப்பில்லாத, நீர் நிறைந்த பழங்கள். வெட்டிய பிறகு சீக்கிரம் கெடும். ஐஸ் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அனுப்பாதீர்கள். உப்பு பட்ட இடமெல்லாம் பழம் நீர் விடும். சின்னப் பொட்டலமாகத் தனியே வைத்தால் பிள்ளை தானே தூவிக்கொள்ளும், அதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு.

பனீர்: ஆபீஸ் டப்பாவுக்கு

ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் உள்ள அலுவலகத்துக்கு இது மிக நல்ல தேர்வு. மூங்கில் குச்சியோடு அப்படியே சூடு செய்யலாம். பள்ளிக்கு என்றால் ஐஸ் வைத்தால் மட்டும்.

200 கிராம் பனீரை 2 செ.மீ. கட்டங்களாக வெட்டி, உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இதைத் தவிர்ப்பதால்தான் ஆறிய பனீர் ரப்பராகிறது. மூன்று டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் (துணியில் கட்டி நீர் வடித்தது), ஒரு டேபிள்ஸ்பூன் வறுத்த கடலைமாவு, இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கரம் மசாலா, உப்பு. கடலைமாவு இல்லாவிட்டால் மசாலா தோசைக்கல்லில் வழிந்துவிடும், பனீரில் ஒட்டாது. அரை மணி நேரம் ஊறியதும் குடைமிளகாயோடு கோர்த்து, தோசைக்கல்லில் நல்ல சூட்டில் எல்லாப் பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிடம். அதற்கு மேல் வைத்தால் உள்ளிருக்கும் நீர் வற்றி இறுகும். அடுப்பில் வைக்கும் மூங்கில் குச்சியை முன்னதாக அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், இல்லையேல் நுனி கருகும்.

ஐஸுக்குத் தனிப் பொருள் வாங்க வேண்டியதில்லை. 200 மி.லி. தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி இரவே ஃபிரீசரில் வையுங்கள். நிறைய நிரப்பினால் உறையும்போது விரிந்து வெடிக்கும். டப்பாவையும் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, பாட்டிலை டப்பாவின் மேல் வைத்து, இரண்டையும் தடித்த துணிப் பையில் இறுக்கிக் கட்டுங்கள். குளிர் கீழ்நோக்கி இறங்கும் என்பதால் பாட்டில் மேலே இருக்க வேண்டும். மதியம் பாட்டிலில் ஐஸ் மிச்சமிருந்தால் உணவு பத்திரம். முழுக்க உருகி வெதுவெதுப்பாகியிருந்தால் அந்தப் பனீரைச் சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

முட்டை, கோழி

காடை முட்டை குச்சிக்கு அளவெடுத்தது போல இருக்கும்: கொதிக்கும் நீரில் 4 நிமிடம், குளிர்நீரில் போட்டு உரித்தால் மூன்று முட்டை ஒரு குச்சிக்கு. ஆனால் உரித்த முட்டை ஐஸ் இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கோழித் துண்டுக்கும் அதே கணக்கு. அதன் உட்பகுதி 74 டிகிரி வரை வெந்திருக்கவும் வேண்டும். இரண்டையும் மாலை டியூஷனுக்கு முன் வீட்டிலேயே கொடுப்பது நல்லது. சில பள்ளிகள் அசைவத்தையும், சில பள்ளிகள் குச்சியையுமே அனுமதிப்பதில்லை. முதல் முறை அனுப்பும் முன் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த மூங்கில் குச்சியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்பதுண்டு. பழம் கோர்த்ததைச் சோப்பில் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் முழுக்கக் காயவைத்து இன்னொரு முறை எடுக்கலாம். எண்ணெயோ பனீரோ முட்டையோ பட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், நாருக்குள் இறங்கியது கழுவினால் போகாது. ஈரத்தோடு டிராயரில் போட்டு வைத்த குச்சியில் நாலு நாளில் கருப்புப் புள்ளி விழும். அது பூஞ்சை, அப்படி ஒன்று தெரிந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் கழித்துவிட வேண்டும்.